குளிரில் இறங்கிய பஞ்சமம்: ஹட்டனில் ஒரு மொடியூலர் ஒஸிலேட்டரின் சுருதி விலகல் – நிகழ்வு ஆய்வு

மாசி மாதக் காமன் கூத்துப் பயிற்சிக்கு ஆதார சுருதி கொடுப்பதற்காக, இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு சிறிய மொடியூலர் சிந்தசைசர் (தனித்தனி மொடியூல்களைக் கேபிளால் இணைத்து ஒலி உண்டாக்கும் மின்னணுக் கருவி) வைக்கப்பட்டது. எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. தப்புப் பறை அடிக்கும்போதும் பாடுபவரின் காதில் விழும்படி சட்ஜமும் பஞ்சமமும் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். 1 கட்டையில் பாடுபவர் போய் 5 கட்டைக்காரர் வந்தால், கீபோர்டில் ஒரே கட்டையை அழுத்தி இரண்டு சுரங்களையும் சேர்த்து மேலே நகர்த்த முடிய வேண்டும்.

முதல் கிழமையிலேயே சுருதி நிற்கவில்லை. கருவியைக் கவனித்த இளைஞர் சொன்னது: “அண்ணே, நா ஒண்ணுமே தொடல. தானா எறங்குது.” எல்லோரும் குளிரைக் குறை சொன்னார்கள். குளிருக்கும் அதில் பங்கு இருந்தது. ஆனால் ஐந்து காரணங்களில் அது ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை எந்த ஜெக்கில் எந்தக் கேபிள் செருகப்பட்டது என்பதில் இருந்தன. ஒவ்வொரு காரணமும் சுருதியை வெவ்வேறு விதமாகக் கெடுக்கும். அந்த வித்தியாசத்தைக் காதாலும் மல்டிமீட்டராலும் பிரித்தறிந்துவிட்டால், மொடியூலைத் தூக்கி எறிய வேண்டிய அவசியமே வராது.

கருவியின் அமைப்பு

ஒஸிலேட்டர்கள் (ஒலி அலையை உண்டாக்கும் மொடியூல்கள்) இரண்டு: ஒன்று சட்ஜத்துக்கு, மற்றது பஞ்சமத்துக்கு. முதலாவது சிஇஎம்3340 வகைச் சிப் கொண்டது. இரண்டாவது உதிரிப்பாகங்களாக வாங்கிக் கையால் ஒட்டியது. ஒரு சோடி ட்ரான்சிஸ்டர்கள் வோல்டேஜை, அது ஏற ஏற மடங்கு மடங்காகப் பெருகும் மின்னோட்டமாக மாற்றும்; அந்த மின்னோட்டம் 1 நானோ ஃபரட் கெப்பாசிட்டரை 5 வோல்ட் வரை ஏற்றி, சட்டென்று இறக்கும். அதுதான் ரம்பப்பல் அலை. முக்கோணம், சதுரம், சைன் ஆகிய மூன்றும் அதிலிருந்து வடிக்கப்படுபவை. மின்வழங்கல் ±12 வோல்ட். கீபோர்டின் ஆகத் தாழ்ந்த கட்டை 0 வோல்ட் தரும். சட்ஜத்துக்கு (131 ஹெர்ட்ஸ்) எடுத்துக்கொண்ட கட்டை 3 வோல்ட்டில் இருந்தது. அந்த வோல்டேஜை மின்சாரம் தேவைப்படாத ஒரு சாதாரணப் பிரிப்பான் வழியாக இரண்டு ஒஸிலேட்டர்களுக்கும் கொடுத்திருந்தார்கள்.

ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். 1960-களில் ரொபர்ட் மூக் தம் கருவிகளில் நிலைநிறுத்திய இந்த வழக்கத்தையே டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் தொடங்கிவைத்த யூரோரெக் என்னும் மொடியூலர் அமைப்பும் பின்பற்றுகிறது. எனவே ஓர் அரைச்சுரம் 83.3 மில்லிவோல்ட், அதன் நூறில் ஒரு பங்கான ஒரு சென்ட் 0.83 மில்லிவோல்ட். ஒரு மில்லிவோல்ட் தவறினாலே சுருதி ஒரு சென்ட்டுக்கு மேல் தவறுகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பின்வரும் எண்களின் கனம் புரியும். பழைய கீபோர்டுகளில் சில, 1978-இல் வந்த கோர்க் எம்எஸ்-20 போல, ஹெர்ட்ஸுக்கு இத்தனை வோல்ட் என்ற வேறு கணக்கில் இயங்குபவை. அவற்றை இந்த ஜெக்கில் நேரே செருகினால் எந்த இடைவெளியும் சரியாக வராது.

கேபிள் செருகியதும் விழுந்த 35 சென்ட்

முதலாவது ஒஸிலேட்டரைத் தனியே சட்ஜத்துக்குச் சேர்த்த பிறகு, பிரிப்பானில் இரண்டாவது கேபிளைச் செருகியதும் சட்ஜம் அந்த நொடியே இறங்கியது. மெதுவாக அல்ல, படியிறங்குவது போல.

கீபோர்டின் வெளியீட்டில் 1 கிலோ ஓம் தொடர் தடை இருந்தது. ஒஸிலேட்டர் உள்ளீடு ஒவ்வொன்றும் 100 கிலோ ஓம். எதுவும் செருகாதபோது பிரிப்பானில் 3.000 வோல்ட், ஓர் ஒஸிலேட்டர் சேர்ந்ததும் 2.970, இரண்டாவதும் சேர்ந்ததும் 2.941. இடையில் போன 29 மில்லிவோல்ட்தான் 35 சென்ட். நாலு இலக்கம் காட்டும் மல்டிமீட்டர் இருந்தால் இதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவு இறங்கினால் பழுது ஒஸிலேட்டருக்கு மேலே, வோல்டேஜ் வரும் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் விலகினால் அந்த மொடியூலைப் பார்க்க வேண்டும். இந்த வழக்கில் இரண்டும் சேர்ந்தே இறங்கியதால் ஒன்றோடொன்று ஒத்துப்போயின, பாடுபவரோடு மட்டும் ஒத்துப்போகவில்லை. அதனால்தான் சிந்தசைசரை மட்டும் கேட்டவர்களுக்குப் பழுது தெரியவில்லை.

தீர்வு: ஒப்-அம்ப் (பெருக்கிச் சிப்) வைத்த பிரிப்பான். டிஎல்072 போன்ற ஒரு சிப் போதும். ஒவ்வொரு வெளியீட்டையும் அது தனியே தாங்கும். ஓரிரு மில்லிவோல்ட் நிலையான பிழையை அது சேர்க்கக்கூடும், ஆனால் அது எல்லாச் சுரத்தையும் ஒரே அளவு நகர்த்துவதால் ட்யூனிங் குமிழால் சரியாகிவிடும். தொடர் தடையால் வரும் பிழை அப்படியல்ல. வோல்டேஜ் ஏற ஏற அதுவும் வளரும். ட்யூனிங் குமிழை எவ்வளவு திருப்பினாலும் எல்லாக் கட்டைகளும் ஒருசேரச் சரியாகாது.

இரவு ஏற ஏற இறங்கிய பஞ்சமம்

இதுதான் குளிரின் பங்கு. மாலை 6 மணிக்கு மண்டபத்தில் 19 பாகை செல்சியஸ், இரவு 10 மணிக்கு 13. முதலாவது ஒஸிலேட்டர் பெரிதாக அசையவில்லை. அந்தச் சிப் வெப்ப ஈட்டை, அதாவது வெப்பநிலை மாறினாலும் சுருதியை நிறுத்தும் ஏற்பாட்டை, உள்ளேயே வைத்திருக்கிறது. கையால் ஒட்டிய இரண்டாவதிலிருந்து வந்த பஞ்சமம் ஏறக்குறைய 80 சென்ட் இறங்கி, ஓர் அரைச்சுரம் கீழேயுள்ள பிரதி மத்திமத்தின் வாசலில் போய் நின்றது.

ட்ரான்சிஸ்டர் சோடியில் ஒரு ஸ்தாயிக்குத் தேவையான வோல்டேஜ் சுமார் 18 மில்லிவோல்ட். அந்த 18 நிலையானதல்ல. கெல்வினில் அளக்கும் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதமானது. 19-க்கும் 13-க்கும் நடுவான 16 பாகை என்பது 289 கெல்வின். ஆகவே ஒரு பாகை குறைந்தால் அளவுகோல் 289-இல் ஒரு பங்கு, அதாவது ஸ்தாயிக்கு 4 சென்ட்டுக்குச் சற்று அதிகமாக விரியும். எந்த இடத்திலிருந்து விரிகிறது என்பது முக்கியம். இந்தச் சுற்றில் ஆதார மின்னோட்டம் 10 மைக்ரோ அம்பியர். 1 நானோ ஃபரட்டும் 5 வோல்ட்டும் சேர்ந்தால் அது 2000 ஹெர்ட்ஸ். அந்த 2000 ஹெர்ட்ஸ் எவ்வளவு குளிர்ந்தாலும் அசையாது. அதற்கு மேலுள்ள சுரங்கள் குளிரில் ஏறும், கீழுள்ளவை இறங்கும். பஞ்சமம் 196 ஹெர்ட்ஸ், மூன்றேகால் ஸ்தாயிக்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே. பாகைக்கு 14 சென்ட், ஆறு பாகைக்கு 83.

இதை உறுதிசெய்ய ஒரு நல்ல சோதனை உண்டு. மாலையில் ஒஸிலேட்டரை 2000 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தி ட்யூனரில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1000, 500, 250 என்று கீபோர்டில் ஸ்தாயி ஸ்தாயியாக இறங்கிக் குறியுங்கள். நான்கு மணி நேரம் கழித்து அதே கட்டைகளை மறுபடி அழுத்துங்கள். 2000 அப்படியே நின்று, மற்றவை ஒன்று, இரண்டு, மூன்று பங்காக இறங்கியிருந்தால் வெப்ப ஈடு இல்லை என்பது தீர்மானம்.

பலகையைத் திறந்து பார்த்ததில், வெப்ப ஈட்டுக்கான விசேட ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண 1 கிலோ ஓம் மெட்டல் ஃபில்ம் ரெசிஸ்டர் ஒட்டியிருந்தது. விசேட ரெசிஸ்டர் உள்ளூர் எலக்ட்ரோனிக்ஸ் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. மதிப்பு ஒன்றுதானே என்று மாற்றிப் போடுவது பலரும் செய்வது. இரண்டையும் பிரித்தறிய ரெசிஸ்டரின் ஒரு காலைச் சூடாக்கித் தூக்கி, மல்டிமீட்டரின் முனைகளைப் பிடித்து, ஆறியபின் உடலை விரல்களுக்கிடையில் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பாகைக்கு பத்து இலட்சத்தில் 3300 பங்கு ஏறும் வகையென்றால், பத்துப் பாகை சூடேறும்போது 1000 ஓம் 1033 ஆகும். எண் கண்முன்னே ஏறுவதைப் பார்க்கலாம். மெட்டல் ஃபில்ம் என்றால் ஓர் ஓம்கூட முழுதாக நகராது.

சரியான ரெசிஸ்டரைப் போட்டால் மட்டும் போதாது. அது ட்ரான்சிஸ்டர் சோடியின் மேல் படுத்திருக்க வேண்டும். இரண்டு ட்ரான்சிஸ்டர்களின் தட்டை முகங்களை ஒன்றோடொன்று ஒட்டி, அவற்றின் தலையில் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து, நடுவில் வெப்பக் களிம்பு தடவி, சுருங்கும் குழாய் ஒன்றால் மூன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். ரெசிஸ்டர் காற்றில் தனியே நின்றால், ஜன்னலிலிருந்து வரும் ஊதல் காற்று அதை முதலில் குளிர்விக்கும், ட்ரான்சிஸ்டர் பிறகுதான் குளிரும். அந்த இடைவெளியில் சுருதி தடுமாறும்.

மாற்றிய பின் அதே 19-இலிருந்து 13 பாகைக்குப் போன இரவில் பஞ்சமத்தின் விலகல் 3 சென்ட்டுக்குள் நின்றது.

ரெசிஸ்டரை மாற்றினால் அளவுகோலை மறுபடி ஒத்திசைக்க வேண்டும். மூடி போட்டபடி, கருவி வழக்கமாக இருக்கும் இடத்திலேயே 30 நிமிடம் இயங்க விடுங்கள். 1 வோல்ட் கொடுத்து 110 ஹெர்ட்ஸுக்குச் சேருங்கள். 3 வோல்ட் கொடுத்தால் 440 வர வேண்டும். 436 வந்தால் இடைவெளி 16 சென்ட் குறுகியிருக்கிறது. ட்ரிம்மரை (பலகையிலுள்ள சிறு திருகை) இடைவெளி விரியும் பக்கம் சிறிது திருப்புங்கள். திருப்பியதும் 110-உம் நகர்ந்திருக்கும். அதைக் குமிழால் மீட்டு, மறுபடி 3 வோல்ட். நான்கைந்து சுற்றில் அடங்கிவிடும். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் சுருதி தாழ்ந்தால் இந்த ட்ரிம்மரைத் தொடக்கூடாது. அங்கே காரணம் கெப்பாசிட்டரை இறக்க ஆகும் நேரம். 250 மைக்ரோ செக்கன் சுழற்சியில் 1 மைக்ரோ செக்கன் வீணானால் 7 சென்ட் தாழும். 131 ஹெர்ட்ஸில் அதே தாமதம் காதுக்கே எட்டாது. உயர்சுர ட்ரிம்மர் தனியே இருப்பது அதற்காகத்தான்.

மூடுபனி

ஒரு நாள் இரண்டாவது ஒஸிலேட்டரை 65.4 ஹெர்ட்ஸ் மந்தர சட்ஜத்துக்கு மாற்றிப் பார்த்தபோது, பனி மூடிய மாலையில் அது நிலையில்லாமல் அலைந்தது. வெப்பமானியோ அசையவில்லை. பலகையில் ஈயம் ஒட்டியபோது பட்ட ஃப்ளக்ஸ் கழுவப்படாமல் கெப்பாசிட்டரைச் சுற்றிப் படிந்திருந்தது. அந்தப் படிவு ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் மின் கடத்தத் தொடங்கும். 65 ஹெர்ட்ஸில் கெப்பாசிட்டரை ஏற்றும் மின்னோட்டம் 0.33 மைக்ரோ அம்பியர்தான். 3.3 நானோ அம்பியர் கசிந்தாலே நூற்றுக்கு ஒன்று, 17 சென்ட்.

வெப்ப விலகலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெப்பத்தால் வருவது ஸ்தாயிக்கு ஸ்தாயி ஒரே அளவு கூடிக்கொண்டு போகும். கசிவால் வருவது கீழே இறங்க இறங்க இரட்டிப்பாகும்: 262 ஹெர்ட்ஸில் 4, 131-இல் 9, 65-இல் 17. ஐசோப்ரொபைல் அல்கஹோலும் பழைய பல் துலக்கியும் கொண்டு இரண்டு முறை தேய்த்துக் கழுவி, ஒரு நாள் காயவிட்டதும் அலைச்சல் நின்றது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். பனியில் தூக்கி வந்த பெட்டியைச் சூடான அறைக்குள் வைத்தவுடன் சுவிட்சைப் போடவும் வேண்டாம். பலகையில் பூத்த ஈரம் போக அரை மணி நேரம் விடுங்கள்.

எஃப்எம் குமிழ் சுருதியைத் தூக்குவது ஏன்

தப்பின் உலோகத்தன்மையான ஓசைக்கு நெருக்கமாக ஏதாவது வரட்டும் என்று, முதலாவது ஒஸிலேட்டரின் சைன் வெளியீட்டை இரண்டாவதன் எஃப்எம் உள்ளீட்டில் (ஓர் அலையால் இன்னொன்றின் அதிர்வெண்ணை அசைக்கும் ஜெக்கில்) செருகியிருந்தார்கள். குமிழைத் திறக்கத் திறக்கச் சுருதி ஏறியது. இது பழுதே அல்ல, கணிதம். அந்த உள்ளீடு மடங்கு முறையில் வேலை செய்கிறது: +1 வோல்ட் அதிர்வெண்ணை இரட்டிக்கும், –1 வோல்ட் பாதியாக்கும். ஏறுவது முழுப் பங்கு, இறங்குவது அரைப் பங்கு, சராசரி மேலே போகும். ±1 வோல்ட் சைனுக்குச் சராசரி நூற்றுக்கு 12 ஏறும். அது இரண்டு அரைச்சுரம். ±0.1 வோல்ட்டுக்கு 2 சென்ட் மட்டுமே.

ஓசையின் நிறத்தை மாற்ற வேண்டும், சுருதி நிற்க வேண்டும் என்றால் நேர்கோட்டு எஃப்எம் உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். அங்கே ஏற்றமும் இறக்கமும் ஹெர்ட்ஸில் சமம். செருகும் அலை 0-இலிருந்து 5 வோல்ட் வரை மட்டும் போகும் வகை என்றால் அதன் நடுமட்டமே சுருதியை நகர்த்திவிடும்; நடுவே 1 மைக்ரோ ஃபரட் கெப்பாசிட்டர் போட்டால் அது நீங்கும். மெதுவான கம்பிதத்துக்கு மட்டும் மடங்கு உள்ளீடே நல்லது, ஏனென்றால் காது சென்ட்டில்தான் கேட்கிறது. ஆனால் ±20 சென்ட்டுக்குத் தேவை ±17 மில்லிவோல்ட். ±5 வோல்ட் எல்எஃப்ஓவில் (மெதுவான அலை தரும் ஒஸிலேட்டரில்) அது முந்நூறில் ஒரு பங்கு. குமிழை மயிரிழை திருப்பினாலே கடந்துவிடும். முன்னால் இன்னொரு குறைப்பானைப் பத்திலொன்றில் வைத்துத் தொடராக இணைத்தால் குமிழுக்கு நடமாட இடம் கிடைக்கும். கம்பிதம் தேவைப்படாதபோது அந்தக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். குமிழ் பூச்சியத்தில் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் சில மில்லிவோல்ட் ஒழுகும் குமிழ்கள் உண்டு.

அடிப்பும் சிங்க்கும்

அடுத்த குறை நுண்ணியது. கீபோர்டுக் கணக்கில் ஏழு அரைச்சுரம் தள்ளி வைத்த பஞ்சமம் 700 சென்ட். தம்பூராவுக்குப் பழகிய காது கேட்பது 3:2, அதாவது 702. சட்ஜம் 130.81 ஹெர்ட்ஸ் என்றால் அதன் மூன்றாம் மடங்கு 392.44. 196 ஹெர்ட்ஸ் பஞ்சமத்தின் இரண்டாம் மடங்கு 392.00. இரண்டேகால் செக்கனுக்கு ஒருமுறை ஒலி விம்மித் தணியும். இதுவே அடிப்பு. நுண் ட்யூனிங் குமிழால் அந்த விம்மலை நிறுத்தினால் பஞ்சமம் சரியாக உட்கார்ந்துவிடும்.

இங்கேதான் வெளியீட்டுத் தேர்வு குறுக்கே வந்தது. பஞ்சமத்தை மென்மைக்காக முக்கோண வெளியீட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். முக்கோணத்திலும் 50 வீதச் சதுரத்திலும் ஒற்றைப்படை மடங்குகள்தான் இருக்கும். இரண்டாம் மடங்கு இல்லாத அலையில் அந்த அடிப்பு கேட்காது. எவ்வளவு காது கொடுத்தாலும் சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாமல் தவித்தது அதனால்தான். சுருதி சேர்க்கும்போது ரம்பப்பல் வெளியீட்டைக் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேபிளை முக்கோணத்துக்கு மாற்றுங்கள். எல்லா வெளியீடும் ஒரே அதிர்வெண்தான்.

பஞ்சமத்தை நிரந்தரமாகப் பூட்டிவிட முதலாவதன் வெளியீட்டை இரண்டாவதன் சிங்க் உள்ளீட்டில் செருகியும் பார்த்திருந்தார்கள். பஞ்சமம் காணாமல் போய் இரண்டுமே சட்ஜமாக ஒலித்தன. சிங்க் வந்தவுடன் அடிமை ஒஸிலேட்டர் (இங்கே இரண்டாவது) தன் சுழற்சியை எசமானின் (முதலாவதன்) ஒவ்வொரு சுழற்சியிலும் முதலிலிருந்து தொடங்கும். மொத்தத்தில் அது எசமானின் சுருதியையே ஏற்கும். 3:2 என்பது முழு எண் மடங்கு அல்ல, ஆகவே பூட்ட முடியாது. ஆனால் சட்ஜத்தை ஒரு ஸ்தாயி இறக்கி 65.4 ஹெர்ட்ஸ் ஆக்கினால், பஞ்சமமான 196.2 அதன் சரியான மூன்று மடங்கு. இப்போது சிங்க் அழகாகப் பூட்டும். இரண்டாவது ஒஸிலேட்டர் சில சென்ட் விலகினாலும் சுருதி நகராது. ஓசையில் மெல்லிய உறுமல் மட்டும் சேரும். கட்டை மாற்றும்போதும் இரண்டும் கைகோத்து நகரும். குளிர் நாட்டில் ஆதார சுருதிக்கு நாங்கள் முதலில் பரிந்துரைக்கும் இணைப்பு இதுதான்.

சதுர அலையின் துடிப்பு அகலத்தை எல்எஃப்ஓவால் அசைத்தபோது ஒலி இடையிடையே அறுந்ததாகவும் ஒரு முறைப்பாடு இருந்தது. குமிழ் நடுவில் இருக்க ±5 வோல்ட் முழுதாகக் கொடுத்தால் அகலம் 0 அல்லது 100 வீதத்தைத் தொடும், அங்கே அலையே இல்லை. குறைப்பானைப் பாதிக்குக் கீழே வைத்ததும் சரியானது.

ஒலிபெருக்கிக்குப் போகும் வழி

யூரோரெக் வெளியீடு உச்சிக்கு உச்சி 10 வோல்ட். சைனுக்கு அது 3.5 வோல்ட் ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு). தோட்டத் திருவிழா மிக்ஸரின் மைக் ஜெக் இதைத் தாங்காது, பிளந்து இரைந்தது. 10 கிலோ ஓம் தொடராகவும் 1 கிலோ ஓம் கிரவுண்டுக்குமாக ஒரு பிரிப்பு போட்டு, லைன் உள்ளீட்டில் கொடுத்ததும் உச்சிக்கு உச்சி 0.9 வோல்ட்டாகத் தெளிந்து வந்தது. கூம்பு ஒலிபெருக்கி தாழ்ந்த அதிர்வெண்களை எழுப்பாது என்பதால் 65 ஹெர்ட்ஸ் சைன் அதில் கேட்கவே கேட்காது. சட்ஜத்தை ரம்பப்பல்லிலிருந்து எடுங்கள். மேல் மடங்குகளைக் கேட்டுக் காது அடிச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்ளும்.

கடைசியாகப் பார்த்து மாற்றியது பெட்டி இருந்த இடம். தப்பின் தோல் பனியில் தளர்ந்தால் நெருப்பு மூட்டிக் காய்ச்சி இறுக்குவது வழக்கம். பெட்டி அந்த நெருப்புக்கு இரண்டு எட்டுத் தள்ளித்தான் இருந்தது. தப்பு காய்ச்சும் ஒவ்வொரு முறையும் அதன் ஒரு பக்கம் சூடேறி, தப்பு எடுத்துப் போனதும் ஆறியது. வெப்ப ஈடு மெதுவான மாற்றத்துக்குத்தான் ஈடுகொடுக்கும். பெட்டியை மண்டபத்தின் உள்சுவரோரம், கதவுக்கு நேர்படாமல் வைத்து, கூத்து தொடங்க 45 நிமிடம் முன்பே சுவிட்சைப் போட்டு, முதல் தப்பு காய்ந்து அடிக்கத் தொடங்கிய பிறகே ட்யூனிங் குமிழைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.